மஞ்சள் கோடு

காலையில் எழுந்ததும் ஞானசீலன் முதலில் செய்வது போனைத் துடைப்பது. முகம் கழுவுவதெல்லாம் அதற்கப்புறம்தான். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கைலியின் நுனியை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு, திரையின் மேல்மூலையில் தொடங்கி இடம் வலமாகக் கீழே இறங்குவார். வெளிச்சத்தைப் பாதிக்கும் கீழே குறைப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிப்பார். புத்தக ஆப் திறக்க இரண்டு விநாடி எடுக்கும். அந்த இரண்டு விநாடியும் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு இடது உள்ளங்கையால் திரையின் கீழ்ப்பாதியை மறைத்து, கோடு போட்ட வரிகளின் பட்டியலைக் கட்டைவிரலால் மெல்ல மேலே தள்ளுவார். கடைசி வரி சட்டென்று கண்ணில் பட்டுவிடக் கூடாது. அங்கே புதிதாக ஒன்று வந்திருக்கலாம். வராமலும் இருக்கலாம். உள்ளங்கையை எடுக்கிற வரைக்கும் இரண்டுமே நடந்த மாதிரிதான்.

அந்த ஆப்பில் இருப்பது அவருடைய கணக்கு இல்லை. மகன் ஜினோவின் கணக்கு. ஜினோ இறந்து இரண்டு வருஷம் நெருங்குகிறது.

ஞானசீலன் மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்தவர். முப்பத்தொரு வருஷமாக ஒரே நாற்காலி, ஒரே ஜன்னல். டி.சி. எழுதுவது, ஹால் டிக்கெட் கொடுப்பது, சம்பளப் பட்டியல் போடுவது என்று போன வாழ்க்கை. வீடு ஆனையூரில், பஸ் நிறுத்தத்திலிருந்து நாலாவது தெரு. மனைவி இன்னாசியம்மாள் கன்னியர் மடத்தில் தையல் சொல்லிக்கொடுத்தவள். இப்போது வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். மூத்தவள் ஆன்மேரி கல்யாணமாகிக் கோயம்புத்தூரில். இளையவன் ஜினோ. மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. இருபத்தாறு வயசு. ஒரு ஜனவரிக் காலையில் வேலைக்குப் போனவனை ரிங் ரோட்டில் லாரி தட்டிவிட்டது. வீட்டுக்குத் திரும்பி வந்தது அவனும் அவனுடைய ஆபீஸ் பையும்தான். பையில் ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

ஜினோ படிப்பவன். பெரும்பாலும் கவிதை. பஸ்ஸில், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால், கோயிலில் பிரசங்கம் நீளும்போது என்று எங்கேயும் படிப்பான். போனில்தான் படித்தான். பிடித்த வரிக்கு அதிலேயே கலர் கோடு போடுவான். அப்பாவின் போனிலும் தன் கணக்கையே ஏற்றிக் கொடுத்து, "சும்மா வாட்சப்பையே பார்த்துக்கிட்டு இருக்காம இதையும் திறந்து பாருங்கப்பா" என்று சொன்னான். அவர் திறக்கவில்லை. அவன் போன பிறகுதான் திறந்தார்.

உள்ளே அவன் உட்கார்ந்திருந்தான். அப்படித்தான் அவருக்குப் பட்டது. நூற்றுக்கணக்கான வரிகள், நீலத்தில், இளஞ்சிவப்பில், ஆரஞ்சில். முதலில் எதுவும் புரியவில்லை. மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து, பதிவேடுகளோடு வாழ்ந்த கண்ணுக்கு ஒரு ஒழுங்கு பிடிபட்டது. நீலம், அவன் திரும்பப் படிக்க நினைத்தது. இளஞ்சிவப்பு, அவனுக்கு ஒத்துக்கொள்ளாதது. ஆரஞ்சு யாருக்கோ சொல்ல வைத்திருந்தது. அந்த யாரோ யார் என்று மட்டும் கடைசிவரை தெரியவில்லை. மஞ்சள் ஒன்றுகூட இல்லை. மஞ்சள் கண்ணில் நிற்காது என்பான் ஜினோ.

இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு அவன் ஒரு இ-ரீடர் வாங்கினான், புத்தகம் படிப்பதற்கென்றே உள்ள மிஷின். கறுப்பு வெள்ளை. கண்ணுக்கு இதமாக இருக்கிறது, ஆனால் கலர் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டான். அதில் படிப்பான், கோடு போட வேண்டியது வந்தால் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு அதில் போடுவான். பைத்தியக்காரத்தனம் என்று அம்மாவும் மகனும் சிரித்தது ஞானசீலனுக்கு ஞாபகம் இருக்கிறது.

இன்னாசியம்மாள் வீட்டு வழியில் ஒரு வழக்கம் உண்டு. முதல் வருஷப் பூசையன்று, இறந்தவர் வயதில் ஒரு ஆளை வீட்டுக்குக் கூப்பிட்டு, இறந்தவர் உட்காருகிற இடத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு போட வேண்டும். இறந்தவரின் உடுப்பும் பொருளும் அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுப்பதைத் திறந்து பார்க்கக் கூடாது. திருப்பிக் கேட்கக் கூடாது. அந்த ஆளின் வீட்டைத் தேடிப் போகவும் கூடாது. போனால் போன உயிருக்கு நடு வழியில் கால் தடுக்கும் என்பார்கள். பள்ளிக்கூடத்து மதில் சுவருக்கு வெள்ளையடிக்க வந்த பேயாண்டிக்கு அப்போது இருபத்தாறு. எழுமலைக்காரர். வயசைக் கேட்டு அழைத்து வந்தது ஞானசீலன்தான்.

அன்றைக்குப் பேயாண்டி ஜினோவின் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, ரொம்பக் கூச்சத்தோடு, இரண்டு தடவை மட்டும் சோறு வாங்கிச் சாப்பிட்டார். கிளம்பும்போது உடுப்பு மூட்டையைக் கொடுத்தார்கள். ஞானசீலன் திடீரென்று எழுந்து போய், ஆணியில் ஒரு வருஷமாகத் தொங்கிய ஆபீஸ் பையை எடுத்து அதையும் அவர் கையில் திணித்தார். யாரும் அதைத் திறந்ததில்லை. திறக்கத் தைரியமில்லை. இன்னாசியம்மாளின் கை ஒரு கணம் முந்தானையிலிருந்து மேலே வந்து, மறுபடி இறங்கியது. வந்த ஆளுக்கு முன்னால் கொடுத்ததைப் பிடித்து இழுக்க முடியாது.

அதற்கப்புறம் ஞானசீலன் படுத்துவிட்டார். காய்ச்சல் கிடையாது, வலி கிடையாது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கஞ்சியை வைத்தால் ஆறிப்போய் ஆடை கட்டும். ஒன்பது நாள்.

பத்தாம் நாள் விடியற்காலையில், வேறு எதுவும் செய்யத் தோன்றாமல் போனைத் திறந்தவர் பட்டியலின் அடியில் ஒரு வரியைப் பார்த்தார். முந்தின நாள் தேதி.

'கதவைச் சாத்தாதீர்கள், காற்று இன்னும் வந்து சேரவில்லை.'

மஞ்சள்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். அறைக்கதவு சாத்தியிருந்தது. போய்த் திறந்து வைத்தார். பிறகு அடுப்படிக்குப் போய், "காபி இருக்கா" என்று கேட்டார். இன்னாசியம்மாள் பாலை அடுப்பில் ஏற்றினாள்.

யார் இது என்ற கேள்வி அன்றைக்கே வந்துவிட்டது. செல்லூரில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் முத்துப்பாண்டி, ஜினோவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். தறிச் சத்தம் இரண்டு பக்கமும் அடிக்கிற சந்தில் நாலடி அகலக் கடை. யாரோ ஒரு நண்பர் கேட்டதுபோல் ஞானசீலன் அவனிடம் விஷயத்தைச் சுற்றி வளைத்துக் கேட்டார். கறுப்பு வெள்ளை மிஷினில் கலர் தேர்ந்தெடுக்க முடியாது, அதில் கோடு போட்டால் போனில் மஞ்சளாகத்தான் தெரியும் என்று அவன் சொன்னான். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான்.

அப்போதுதான் ஞானசீலனுக்குப் பொறி தட்டியது. அந்தப் பை. அதற்குள் இ-ரீடர் இருந்திருக்கிறது. பேயாண்டி படிக்கிறார்.

அறிவு இதைச் சொன்னது. ஆனால் விடியற்காலையில், உள்ளங்கையை எடுக்கிற நேரத்தில், அறிவு கூட இருப்பதில்லை. ஜினோ பாதியில் விட்ட புத்தகத்தில், அவன் நிறுத்திய பக்கத்திற்கு அடுத்த பக்கத்திலிருந்துதான் மஞ்சள் தொடங்கியிருந்தது. நாளுக்கு ஒன்று, இரண்டு நாளுக்கு ஒன்று என்று வரும். 'செத்த மரத்துக்கும் நிழல் ஒரு பக்கமாகத்தான் விழுகிறது' என்று ஒரு நாள். 'என் தட்டில் நீ வைத்த உப்பு' என்று ஒரு நாள், அவ்வளவுதான், வரி முடிந்துவிடும். அதை மனசில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவார். ஹால் டிக்கெட்டில் கையெழுத்துப் போடும்போது அது கூடவே இருக்கும். ஏணியில் நின்று சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்து, கை கழுவி, விளக்குக்குக் கீழே உட்கார்ந்து படிக்கிற பேயாண்டியை நினைத்துப் பார்ப்பார். அந்த உருவம் எப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும். திரும்பினால் யார் முகம் இருக்கும் என்று யோசிக்க அவருக்குப் பயம்.

ஒன்றே ஒன்று மட்டும் நிச்சயம். அந்தக் கோடு நிற்கக் கூடாது. நின்றால் அவர் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். இது அவருக்குத் தெரியும். இன்னாசியம்மாளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தார்.

ஓய்வு பெறுகிற மே மாதம் வந்தது. வழக்கமாக மோதிரம் போடுவார்கள். இந்தத் தடவை இளவட்ட ஆசிரியர்கள், சாருக்குப் படிக்கிற பழக்கம் இருக்கிறது, உபயோகமாக ஒன்று கொடுப்போம் என்று முடிவு செய்தார்கள். கலர் இ-ரீடர் ஒன்று, பெரிய டேப் ஒன்று, விலை ஏறக்குறைய சமம். வெள்ளிக்கிழமைக்குள் எது என்று சொல்லிவிடுங்கள் என்றார்கள். கணக்கு டீச்சர் தமிழ்வாணி, "பொண்டாட்டியக் கேட்டுச் சொல்லுங்க சார், அப்புறம் எங்களைக் குத்தம் சொல்லாதீக" என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார்.

கேட்டார். இன்னாசியம்மாள் யோசிக்கவே இல்லை. டேப் என்றாள். ஞாயிற்றுக்கிழமை கால் வலித்தால் வீட்டிலேயே பூசை பார்க்கலாம். ஆன்மேரி பிள்ளையைப் பெரிசாகப் பார்க்கலாம். ஜினோ எடுத்த வீடியோவெல்லாம் ஆன்மேரியிடம் இருக்கிறது, அதையும் போட்டுக்கொள்ளலாம். எழுத்தும் பெரிசாகத் தெரியும். இதை இந்த வரிசையில், மிஷினில் ஜாக்கெட்டை ஓட்டிக்கொண்டே சொன்னாள்.

வீடியோ என்ற சொல்லில் ஞானசீலன் நின்றுவிட்டார். அவனுடைய கோடுகளோடு இருக்கலாம். அவனுடைய குரலோடு ஒரே வீட்டில் இருக்க முடியுமா என்று தெரியவில்லை. ஒரு தடவை ஆன்மேரி போனில் தெரியாமல் ஒன்று ஓடிவிட்டது. "அப்பா, இங்க பாருங்க" என்று அவன் கூப்பிட்டான். இவர் திரும்பிவிட்டார். வாசல் பக்கம் பார்த்து, "என்னடா" என்றும் சொல்லிவிட்டார். அந்த "என்னடா" இன்னும் அந்த அறையில் தொங்கிக்கொண்டிருப்பது மாதிரி இருக்கும் அவருக்கு.

வியாழக்கிழமை சாயங்காலம் செல்லூருக்குப் போனார். ஆசிரியர்கள் வாங்குவது முத்துப்பாண்டியிடம்தான்; அவன் இரண்டையும் வரவழைத்து வைத்திருந்தான்.

"உக்காருங்க சார். ஹால் டிக்கெட்டுக்கு என்னைய எம்புட்டு நேரம் வெயில்ல நிக்க வச்சீக, நான் உங்களை ஃபேன் போட்டுல்ல உக்கார வைக்கிறேன்."

முதலில் டேப். கண்ணாடித் தட்டு மாதிரி பளபளவென்று இருந்தது. அணைந்திருக்கும்போது அதில் அவர் முகம் தெரிந்தது. தாடையைப் பார்த்தார், ஜினோவின் தாடை. போட்டதும் வெளிச்சம் முகத்தில் அடித்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. எழுத்து பெரிசுதான், மறுக்க முடியாது. விரலால் விரித்தால் ஒரு சொல் பக்கம் முழுக்க நிற்கிறது.

அப்புறம் இ-ரீடர். கையடக்கமாக, எடையே இல்லாமல். ஜினோவின் கணக்கை அதில் ஏற்ற வேண்டும் என்றார். ஜினோவின் பழைய நம்பருக்கு ஓ.டி.பி. வந்தது. அந்த சிம்மை அவர் தன் போனிலேயே இரண்டாவதாகப் போட்டு உயிரோடு வைத்திருந்தார். நம்பரைப் படித்துச் சொன்னார். புத்தகங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஒன்றைத் திறந்தார். நீலம், இளஞ்சிவப்பு, ஆரஞ்சு. பளிச்சென்று இல்லை. கல்லறையில் வைத்து வெயிலில் வெளுத்துப்போன புனிதர் படம் மாதிரி, பல தடவை துவைத்த சேலை மாதிரி ஒரு நிறம். வெளிச்சம் உள்ளிருந்து அடிக்காமல் பக்கத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. கண்ணில் நீர் வரவில்லை. குரல் இல்லாத மிஷின். அவனுக்கு இதுதான் வேண்டியிருந்தது, ஒரு வருஷம் முந்திப் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டார்.

முத்துப்பாண்டி அமைப்புகளில் எதையோ தட்டிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான்.

"சார், நம்ம ஜினோ மாப்ளையோட பழைய மிஷின் இன்னும் இந்தக் கணக்குல உசுரோட கிடக்கு. நேத்துக்கூட நெட்டுல வந்திருக்கு. யார் கையில இருக்குன்னு தெரியல. எடுத்துரவா? ஒரு தட்டுதான்."

ஞானசீலன் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். தான் அப்படிப் பிடிப்போம் என்று அவரே நினைக்கவில்லை.

"இருக்கட்டும்ப்பா."

"யாராச்சும் தப்பா..."

"இருக்கட்டும்னா விட்டுரு."

பக்கத்துத் தறி நின்று மறுபடி ஓடியது. முத்துப்பாண்டி சரி என்று தலையை ஆட்டிவிட்டு, மிஷினை உறையில் போட்டான். அவனும் தன் நண்பனின் பெயரை அந்தத் திரையில் பார்த்தவன்தானே.

வீட்டில் வந்து இ-ரீடர்தான் சொல்லியிருக்கிறேன் என்றார். கண் கூசுகிறது, அது இது என்று காரணம் அடுக்கினார். இன்னாசியம்மாள் ஊசியை நிறுத்தி, "உங்களுக்குக் குடுக்குறது. உங்களுக்குப் பிடிச்சத வாங்குங்க" என்றாள். கோபம் இல்லை. ஆனால் அதற்கப்புறம் இரண்டு நாள் அவள் பேச்சு குறைந்திருந்ததை அவர் கவனித்தார். பூசை பார்க்க முடியாத வருத்தம் என்று எடுத்துக்கொண்டார்.

ஜூன் முழுக்க நன்றாகப் போனது. பள்ளிக்கூடம் இல்லாத பகலில், நாற்காலியைச் சன்னலுக்குப் பக்கத்தில் போட்டு நீலக் கோடுகளை மறுபடி முதலிலிருந்து படித்தார். இப்போது அவர் வீட்டிலேயே இருந்தார். மஞ்சள் குறைந்தது. முன்பு நாளுக்கு ஒன்று, இப்போது வாரத்துக்கு ஒன்று. பெரும்பாலும் அவர் மார்க்கெட்டுக்கோ பென்ஷன் வேலையாகவோ வெளியே போய் வந்த நாளுக்கு மறுநாள். அதை அவர் இணைத்துப் பார்க்கவில்லை. கோடுகளே கோணலாகிக்கொண்டு வந்ததைத்தான் பார்த்தார். சொல்லின் நடுவில் தொடங்கி அடுத்த சொல்லின் நடுவில் நிற்கும். ஒரு தடவை வெறும் முற்றுப்புள்ளிக்கு மட்டும் மஞ்சள் விழுந்திருந்தது. வேலைக் களைப்பில் பேயாண்டியின் கை தடுமாறுகிறது என்று நினைத்தார். ஜூலை ஒன்பதாம் தேதி ஒன்று வந்தது. அதில் வார்த்தையே இல்லை. இரண்டு வரிகளுக்கு நடுவில் இருந்த இடைவெளியைத் தொட்டுவிட்டு, பக்கத்திலிருந்த 'ல்' மட்டும் மாட்டியிருந்தது.

அப்புறம் எதுவும் வரவில்லை.

ஒரு வாரம் உள்ளங்கையை எடுத்து எடுத்துப் பார்த்தார். இரண்டாவது வாரம் மத்தியானமும் பார்த்தார். மூன்றாவது வாரம் எடுக்கவே பயந்தார். ஏணி வழுக்கியிருக்குமோ. லாரியோ. இந்த வீட்டின் உடுப்பைப் போட்டவருக்கு, இந்த வீட்டுக்கு வந்தது போய்ச் சேர்ந்துவிட்டதோ. இன்னொரு வீட்டில் இன்னொரு அப்பன் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறானோ. சாப்பாடு இறங்கவில்லை. ஆறின சோற்றை இன்னாசியம்மாள் எடுத்துக்கொண்டு போவாள். போகும்போது நிலைப்படியைக் காலால் தடவிப் பார்த்துத் தாண்டுவாள். அவர் அதைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் முதல் வாரம், பென்ஷன் ஆபீஸுக்குப் போய்ட்டு வாரேன் என்று சொல்லிவிட்டு, உசிலம்பட்டி போய் எழுமலைக்கு பஸ் மாறினார். தேடிப் போகக் கூடாது என்ற வழக்கம் நெஞ்சில் குறுக்கே கிடந்தது. ஜன்னலில் வெயிலும் காட்டுப் புழுதியும் மாறி மாறி அடித்தன. ஜினோவுக்கு நடு வழியில் கால் தடுக்கும் என்றால், தடுக்கட்டும், நின்று திரும்பியாவது பார்ப்பான் என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

விசாரித்து நடந்தார். ரேஷன் கடைச் சுவரில் ஏணி சாய்ந்திருந்தது. ஏணி மேல் ஜினோ நின்றிருந்தான்.

நீலக் கட்டம் போட்ட சட்டை, இடது தோளில் இன்னாசியம்மாள் போட்ட ஒட்டுத்தையல். முதுகைக் காட்டிக்கொண்டு, கையை நீட்டி நீட்டி வெள்ளையடித்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் திரும்பும். திரும்பினால் முடிந்துவிடும். கொஞ்ச நேரம் அப்படியே, ரோட்டோரத்தில், குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கீழே சுண்ணாம்பு கலக்கிக்கொண்டிருந்த பெரியவர்தான் அவரைப் பார்த்துவிட்டு, "ஏய் பேயாண்டி, யாரோ வந்து நிக்கிறாக பாரு, கடன்காரரா, பொண்ணு குடுக்க வந்தவரா" என்றார்.

பேயாண்டி இறங்கி வந்தார். அவரை அடையாளம் கண்டதும் சட்டையைப் பார்த்துக்கொண்டு கூசினார். சுண்ணாம்பு பட்டுவிட்டது, வேலைக்குப் போடுகிறேன் என்று தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். உடம்பு நன்றாக இருக்கிறதா என்று ஞானசீலன் மூன்று தடவை கேட்டார். நன்றாக இருக்கிறது. வீட்டில்? நன்றாக இருக்கிறார்கள். கை கால்? பேயாண்டி சிரித்துவிட்டார். கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டே, பையில் இருந்த மிஷினில் படிக்கிறீர்களா, ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டார்.

பேயாண்டிக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது.

"ஐயா, அது எங்கிட்ட இல்லையே. விருந்துச் சாப்பாட்டுக்கு மறுநாளே அம்மா வந்து வாங்கிட்டுப் போயிட்டாகளே."

"எந்த அம்மா?"

"உங்க வீட்டம்மாதான். காலைல மொத பஸ்ஸுல, தனியா. குடுத்தத் திருப்பிக் கேக்குறது பாவம்னு எனக்குத் தெரியும் தம்பி, ஆனா அன்னைக்கு டிபன் பாக்ஸ் வைக்கிறப்ப என் கையாலதான் அதைப் பைக்குள்ள வச்சேன்னு சொன்னாக. பையவே நீட்டுனேன். அத மட்டும் எடுத்துக்கிட்டாக. சட்டைய நீ போடணும், மடிச்சு வைக்கக் கூடாதுன்னாக. ஐயாகிட்டச் சொல்லிறாதன்னு கையெடுத்துக் கும்பிட்டாக. நான் யாருகிட்டயும் சொல்லல. நீங்களே வந்து கேக்கவும்தான்..."

டீ வாங்கிக் கொடுத்தார் பேயாண்டி. குடித்தது ஞானசீலனுக்கு நினைவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் ஒவ்வொரு கோடாக எடுத்துப் பார்த்தார். தட்டில் வைத்த உப்பு. நிழல். கதவு. அவர் பள்ளிக்கூடத்தில் இருந்த பகல்களில் அவள் தனியாக உட்கார்ந்து, மகன் விட்ட பக்கத்திலிருந்து. வீட்டு நெட்டை ஜினோவே அதில் போட்டு வைத்திருந்ததால் அது தானாகவே பிடித்துக்கொண்டிருக்கிறது. மே மாதம் வரைக்கும் வீடு அவளுடையதாக இருந்தது. ஜூனில் இவர் வந்து சன்னலோரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது இன்னாசியம்மாள் பக்கத்து வீட்டு ஷெரினைக் கூப்பிட்டு ஊசிக்கு நூல் கோக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஷெரின், "ஆன்ட்டி, இதுக்குத் தனியா எனக்குச் சம்பளம் போடுங்க, ஒரு நாளைக்கு நாலு தடவை ஆகிப்போச்சு" என்று சிரித்தாள். ஞானசீலன் நிலைப்படியிலேயே நின்றார். எத்தனை மாதமாக இது நடக்கிறது? கோணல் கோடு, இடைவெளிக்குப் போட்ட கோடு, காலால் தடவிய நிலைப்படி. எழுத்தும் பெரிசாகத் தெரியும் என்று நாலாவதாக, கடைசியாக, மிஷின் சத்தத்துக்குள் அவள் சொன்ன காரணம்.

ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு முன்னால் சர்க்கரையைக் குறைக்க வேண்டும், இரண்டு மாதமாவது ஆகும் என்றார்கள். ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று டாக்டர் அவளைக் கேட்டார். அவள் ஞானசீலனைப் பார்த்துவிட்டு, "இவருக்குச் சாப்பாடு இறங்கட்டும்னு பார்த்தேன்" என்றாள். டாக்டருக்கு அது பதிலாகப் படவில்லை.

அன்றைக்கே செல்லூருக்குப் போய் இ-ரீடரை முத்துப்பாண்டி மேஜையில் வைத்தார். இதை எடுத்துக்கொண்டு டேப்பைக் கொடு, வித்தியாசம் எவ்வளவோ அதைச் சொல் என்றார்.

"மூணே மாசத்துல சரண்டரா? வீட்ல சொன்னதக் கேட்டுருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்ல சார்."

"ஆமா. எழுத்த எம்புட்டுப் பெருசா வைக்க முடியுமோ வை. அவன் புத்தகம் பூராவும் இதுல இருக்கணும்."

முத்துப்பாண்டி வைத்தான். பிறகு தயங்கி, மாப்ளையோட வீடியோவை ஆன்மேரி அக்காவிடம் வாங்கிப் போட்டுவிடட்டுமா என்று கேட்டான். ஞானசீலன் வெளியே பார்த்தார். சந்தில் ஒருவர் பாவு நூலைத் தோளில் சுமந்துகொண்டு போனார். அவர் தெரு முனையில் திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போடு" என்றார்.

டேப்பை வீட்டில் தையல் மிஷின் பக்கத்தில் சாய்த்து வைத்து, பூசை பார்ப்பதற்கு என்று மட்டும் சொன்னார். திறக்கிற இடத்தைக் காட்டினார். புத்தகம் இருக்கிற இடத்தையும் போகிற போக்கில் காட்டினார். மறுநாளிலிருந்து தினமும் காலை பத்து மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினார். போக இடமில்லை. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பார், நூலகத்துக்குப் போவார், ஒரு மணிக்குத் திரும்புவார்.

மூன்றாம் நாள் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டார். வாசல் கேட்டில் கை வைத்தபோது உள்ளே ஜினோ பேசிக்கொண்டிருந்தான். "அம்மா, கேமராவப் பார்க்காத, சும்மா தச்சுக்கிட்டே இரு, அப்பத்தான் நல்லா வரும்." தையல் மிஷின் ஓடுகிற சத்தம், வீடியோவுக்குள் இருப்பதா வெளியே இருப்பதா என்று தெரியவில்லை. அவர் செருப்பைக் கழற்றாமல் வேப்பமரத்து நிழலில் நின்றார். ஓடவில்லை. அவன் பேசி முடிக்கிற வரைக்கும் நின்றார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடியது. அதற்கும் நின்றார்.

நாலு நாள் கழித்து, விடியற்காலையில், உள்ளங்கையை எடுத்தபோது ஒரு வரி இருந்தது. டேப்பில் எல்லா நிறமும் உண்டு. இது மஞ்சளாகவே வந்திருந்தது. கோணலில்லாமல், தலையிலிருந்து கால் வரை, ஒரு முழு வரி.

அவர் அடுப்படிக்குப் போய்க் காபி கேட்டார்.

ஆன்மேரி சொன்னது அதற்கப்புறம், கிறிஸ்துமஸுக்கு வந்தபோது. அப்பாவிடம் அல்ல, போன் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் முத்துப்பாண்டியிடம். ஞானசீலனுக்கு இன்றுவரை இது தெரியாது. முதல் வருஷப் பூசை முடிந்து, அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஒன்பதாம் நாள் மத்தியானம், இன்னாசியம்மாள் கோயம்புத்தூருக்குப் போன் செய்து, தம்பியின் மிஷினில் ஒரு வரிக்குக் கோடு போட்டால் அப்பா போனில் தெரியுமா என்று கேட்டிருக்கிறாள். தெரியும், ஏன் என்று ஆன்மேரி கேட்டிருக்கிறாள். "எப்படிப் போடுறதுன்னு மட்டும் சொல்லு" என்றாளாம் அம்மா.